அடிப்பக்கம்

ஐயாயிரத்து எண்ணூறு டொலர்.
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.
ஒஷாவாவில் மார்ச் மாதம்,
தெருவோரத்துப் பனி கறுத்துக் கிடக்கிற நாட்கள்.
கடைசி பஸ் ஒன்றேகாலுக்கு.
எனக்கு வேலை முடிவது இரண்டு மணிக்கு.
ஆகவே கார்.

முதலில் பார்த்தது கறுப்பு.
முகம் பார்க்கலாம் போல மினுக்கி வைத்திருந்தான் நிரோஜன்.
"ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா,
எங்கட ஆள் எண்டபடியாத்தான் இந்த விலை."
எங்கட ஆள் என்ற சொல்லுக்கு
இரண்டு சீட்டும் ஒரு சங்கிலியும் ஏற்கெனவே கொடுத்தவள் நான்.

கதவைத் திறந்தால் எலுமிச்சை வாசம்.
அதற்கு அடியில் இன்னொரு வாசம்.
சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன்.
வெளிச்சம் காணாத அந்த ஒரு சாணில்
சேற்றின் நிறம்.
எந்த ஊர் வெள்ளத்திலோ கழுத்தளவு நின்றிருக்கிறது.
பொனற்றைத் தொட்டேன், சுட்டது.
நான் வருமுன்னே எழுப்பிவிட்டிருக்கிறான்,
குளிரில் அது இருமுவதை நான் கேட்கக்கூடாதென்று.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றேன்.
எங்கள் மொழியில் இல்லை என்பதற்கு
அவ்வளவு மரியாதையான சொல் வேறில்லை.

ஏஜக்ஸில் ஒரு ஜெர்மன் கார்.
தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி,
என் காசுக்குள் விலை.
ஒரு சென்சருக்கு எவ்வளவு என்று விசாரித்தேன்.
யானையை இனாமாகக் கொடுத்தாலும்
தீனி நான்தானே போடவேண்டும்.

மூன்றாவது, பழுப்பு நிறக் கொரோலா.
இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கிலோமீற்றர்.
தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் க்வென் பெலிற்றியே
கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்:
ஏசி வேலை செய்யாது.
வலப்பக்க நசுங்கல் ஒரு தபால் பெட்டியோடு,
பிழை என்னுடையது, பெட்டி அசையவேயில்லை.
பெப்ரவரியில் இரண்டாம் தரம்தான் எழும்பும்,
நானும் அப்படித்தான்.
கையில் ஒரு தடித்த கோவை.
ஒயில் மாற்றிய ஒவ்வொரு பற்றுச்சீட்டும்
திகதி வரிசையில்.

தாரியுஷின் கராஜில் காரை மேலே உயர்த்தினார்கள்.
வாழ்க்கையில் முதல்முறை
ஒரு வண்டியின் வயிற்றுக்குக் கீழே நின்றேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
இந்த ஊரில் தெருவுக்கு உப்பிடுகிறார்கள்.
பதினான்கு மாரியின் உப்பை
இரும்பு மறக்காமல்
செதில் செதிலாக நினைத்துக்கொண்டிருந்தது.

திருப்புளியின் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டான் தாரியுஷ்,
தேங்காய் வாங்குகிறவன் போல.
மேல்தோல் துருதான், பொத்தல் இல்லை.
பெல்ட் இல்லை, செயின், அது நல்லது.
பிரேக் குழாய் ஒன்று மாற்ற வேண்டும்.
ஒயிலை மறக்காவிட்டால் இன்னும் ஒரு லட்சம் ஓடும்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில்
இடுப்புப் பிடித்தது.

முதியோர் இல்லத்து நேர்முகத்தில்
முதுகு நோவு உண்டா என்று கேட்டார்கள்.
இல்லை என்று சிரித்தேன்.
தலைக்குப் புது மை,
விடியவே இரண்டு குளிசை.
நானும் பொனற்றைச் சூடாக்கிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

நிரோஜன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.
அவனுடைய காரை வாங்குமளவுக்கு அல்ல.

குழாய்க்கு முந்நூறு குறைத்து
ஐயாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.
க்வென் சாவியைத் தந்துவிட்டு
தபால் பெட்டி நசுங்கலை ஒருதரம் தடவினாள்.

இன்று இரவு இரண்டு பத்து.
வாசலில் டக்சிக்குக் காத்து நின்ற மரிசோலை ஏற்றிக்கொண்டேன்.
ஹீற்றர் முனகி முனகிச் சூடானது.
கையுறையைக் கழற்றியபடி கேட்டாள்,
நல்ல காரா?

ஏசி வேலை செய்யாது என்றேன்.